ஸ்லேவ் ஆற்றங்கரை மக்களுக்கு ஒரு நன்றி மடல்

வணக்கம்.

ஸ்லேவ் ஆற்றின் தண்ணீரையும் மீனையும் சோதித்து எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒருவழியாகக் கொடுத்தாயிற்று. அதில் நன்றி சொல்லக் கிடைத்தது அரைப் பக்கம்தான். அங்கே ஆங்கிலத்தில் சொன்னது போக, வடகனடாவில் ஒரு ஆற்றைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றி நம் ஆட்களுக்கும் தெரியட்டும் என்று இது. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் போடவில்லை.

பீஸ் ஆறும் அதபாஸ்கா ஏரித் தண்ணீரும் சேர்ந்ததுதான் ஸ்லேவ் ஆறு. 434 கி.மீ. வடக்கே ஓடி கிரேட் ஸ்லேவ் ஏரியில் விழுகிறது. மேலே 1960களின் கடைசியில் பீஸ் ஆற்றின் குறுக்கே கட்டிய பென்னட் அணை; அதபாஸ்கா ஆற்றுப் பக்கம், மணலோடு கலந்த எண்ணெயைத் தோண்டியெடுக்கும் எண்ணெய் மணல் சுரங்கங்கள். கீழே டெனே, கிரீ, மேட்டி என்ற பூர்வகுடி மக்கள். மேலே யார் என்ன செய்தாலும் கீழே இருப்பவர்கள் தலையில்தான் விடியும்.

முதல் நன்றி, ஆற்றங்கரை ஊரான ஃபோர்ட் ஸ்மித்தின் படகோட்டிக்கு. பாட்டிலில் பிடிக்கும் தண்ணீர் அந்த ஒரு நிமிடத்தின் கதையைத்தான் சொல்லும். அதனால் மெல்லிய படலங்களைக் கம்பிக் கூண்டில் வைத்து, வாரக்கணக்கில் ஆற்றில் தொங்கவிடுவோம். தண்ணீரில் கரைந்திருப்பதை அவை உறிஞ்சிக்கொள்ளும். கூண்டை எங்கே கட்டுவது என்பதெல்லாம் அவர் தீர்ப்புதான். மிதந்து வரும் மரம் எந்த வளைவில் ஒதுங்கும், எங்கே வண்டல் மூடிவிடும், நீர்மட்டம் இறங்கினால் எந்த இடம் வெளியே தெரியும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. கட்டுவதற்கு முன்னால் ஒரு சிட்டிகை புகையிலையைத் தண்ணீரில் போடுவார். எடுப்பதற்கு முன் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். எங்களையும் போடச் சொல்வார்.

அந்த ஆறு கலங்கிய ஆறு. வண்டலோடு உலோகங்களும் வரும். தண்ணீரை அப்படியே சோதித்தால் இரும்பும் அலுமினியமும் எகிறிக் காட்டும். அதில் பெரும்பகுதி மண்ணோடு வந்தது, இயற்கையானது. எந்த மாதத்தில் ஆறு எந்த நிறத்தில் ஓடும் என்று பெரியவர்கள் சொன்னதை வைத்துத்தான் எங்கள் எண்களைப் பிரித்துப் படித்தோம். அது இல்லாவிட்டால் ஊரையே தேவையில்லாமல் பயமுறுத்தியிருப்போம்.

அப்புறம், ஆறு ஏரியில் விழும் இடத்துக்கு அருகே உள்ள ஃபோர்ட் ரெசல்யூஷன் ஊர்ப் பாட்டிகள். பர்பட் என்றொரு மீன், அங்கே லோஷ் என்பார்கள். அதன் ஈரலுக்குத்தான் மவுசு. பனிக்கட்டிக்கு அடியில் போட்ட வலையிலிருந்து வந்த மீனை, விறைக்கும் முன்னால் ஒரே கீறலில் திறந்து, ஈரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். வெளிர் நிறத்தில், கொழுத்து, வழுவழுப்பாக இருந்தால் சட்டிக்கு. கறுத்தோ புள்ளி விழுந்தோ இருந்தால் ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கியதையும் ஒதுக்காததையும் தனித்தனியாக உறையில் போட்டு, காரணத்தையும் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்பினோம். எந்த மீனைச் சோதிப்பது என்று தீர்மானித்ததே அந்தக் கைகள்தான்.

அதபாஸ்கா ஏரிக்கரையில் உள்ள ஃபோர்ட் சிப்பெவயன் வேட்டைக்காரர்களிடம் கற்றதைத் தனியாகவே எழுதலாம். அங்கே நீர் எலியைக் (மஸ்க்ராட்) கேட்டால், பீஸ், அதபாஸ்கா ஆறுகளின் டெல்டா எவ்வளவு நலமாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். வசந்தத்தில் பனிப்பாளங்கள் ஆற்றை அடைத்தால்தான் வெள்ளம் உயரத்திலுள்ள குட்டைகளுக்கு ஏறும். ஏறினால் எலி பெருகும். 2014 வெள்ளத்துக்குப் பிறகு எலிக் கூடுகள் பல மடங்கானதைக் கணக்கெடுப்பும் காட்டியது. அணை குளிர்காலத்தில் தண்ணீரைத் திறக்கிறது, வசந்தத்தில் பிடித்துவைக்கிறது என்பது அவர்கள் குறை. இதில் அணையின் பங்கு எவ்வளவு, பருவநிலையின் பங்கு எவ்வளவு என்று விஞ்ஞானிகள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதபாஸ்கா ஆற்றில் அந்த ஊர்க்காரர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சுரங்கத்துக்கு எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்று மற்றவர்கள் கணக்குப் போட்டபோது, அங்குள்ள மிக்கிசூ கிரீ, அதபாஸ்கா சிப்பெவயன் என்ற இரு பூர்வகுடி மக்கள், சாமான் ஏற்றிய படகு தரைதட்டாமல் போக எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்கள். 2010இல் அதற்கு எண்ணும் வந்தது: வினாடிக்கு 1,600 கனமீட்டர் ஓடினால் நிலத்தை முழுமையாகப் பயன்படுத்தலாம், 400க்குக் கீழே போனால் பல இடங்களுக்குப் போகவே முடியாது. படகு போகாவிட்டால் வேட்டை இல்லை, வேட்டை இல்லாவிட்டால், அரசோடு செய்த ஒப்பந்தத்தில் அவர்களுக்குக் கிடைத்த வேட்டை உரிமை காகிதத்தில்தான்.

இதையெல்லாம் பல அறிக்கைகளில் கடைசி அத்தியாயமாக, ஒரு முதியவரின் புகைப்படத்தோடு, போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது எரிச்சல். கேள்வியை யார் கேட்டார்களோ அவர்கள் பெயர் முதல் பக்கத்தில் வரவேண்டும்.

டெனே மொழியிலும் கிரீயிலும் பொறுமையாக மொழிபெயர்த்தவர்கள், சுடச்சுட பானக் ரொட்டி தந்தவர்கள், மாதிரிகள் உருகுவதற்குள் விமானத்தில் ஏற்றிவிட்டவர்கள், சாஸ்கடூன் ஆய்வகத் தோழர்கள், எல்லோருக்கும் நன்றி.

தரவுகள் உங்களுடையவை, முழுப் பிரதியும் ஊர் அலுவலகங்களுக்கு வந்துவிட்டது, வெளியே யாருக்குக் கொடுப்பது என்பது உங்கள் முடிவு. கூண்டுகள் படகுக் கொட்டகையில் இருக்கின்றன. கயிறு மட்டும் மாற்றவேண்டும். பனி உடைந்ததும் கட்டிவிடுங்கள், புதுப் படலங்களைத் தபாலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
சாஸ்கடூனிலிருந்து