பார்சலைப் பிரிக்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. மேக் பிளஸ், நம் பழைய ஆப்பிள் கம்ப்யூட்டர், நேற்று இங்கிருந்து கிளம்பிவிட்டது. பெட்டி வந்ததும் சுவிட்சைப் போட்டுவிடாதே, இதை முழுக்கப் படித்துவிட்டுப் போடு. விலாசத்தை அம்மாவிடம் வாங்கினேன். கதவில் எந்தப் பெயர் ஒட்டியிருக்கிறாய் என்று தெரியவில்லை, அதனால் உன் பெயருக்கு முன்னால் என் இனிஷியலைப் போட்டுவிட்டேன். பழையதுதான். பார்சல்காரன் குழம்பமாட்டான் என்று நினைக்கிறேன்.

எடை ஏழரைக் கிலோ, மேலே கைப்பிடி இருக்கிறது. ஒரு ஆளே தூக்கி வைத்துவிடலாம்.

பிளாப்பி டிரைவின் வாயில் மஞ்சள் பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருக்கும். வழியில் குலுங்கி, பிளாப்பியைப் படிக்கும் ஹெட் இரண்டும் மோதிக்கொள்ளாமல் இருக்க வைத்தது. வாய்க்குப் பக்கத்திலுள்ள சின்ன ஓட்டையில் பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நேராகக் குத்தினால் வெளியே வரும். பிளாப்பி மாட்டிக்கொண்டாலும் அதேதான் வழி, இடுக்கி போட்டு இழுக்காதே. பிளாப்பியின் தகட்டு மூடி மேல் ஹெட்டைப் பிய்த்துக்கொண்டு வரும். டிரைவ் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் அதிலுள்ள கிரீஸ் மெழுகாக இறுகிவிடுகிறது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்துப் புது லித்தியம் கிரீஸ் தடவியிருக்கிறேன்.

கீபோர்டின் சுருள் வயரைப் பத்திரமாக வைத்துக்கொள். பார்க்க போன் ரிசீவர் வயர் மாதிரியே இருக்கும், ரிசீவர் வயர் அதில் சரியாகப் பொருந்தவும் பொருந்தும். ஆனால் ரிசீவர் வயருக்குள் கம்பிகள் மாறிப் போகும், இதில் நேராகப் போகும். மாற்றிப் போட்டால் கரண்ட் தலைகீழாகப் போய்க் கீபோர்டைக் கெடுத்துவிடும். கழட்டும்போது வயரைப் பிடித்து இழுப்பது உன் பழக்கம். எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டாய்.

பின்பக்கத்து 4.5 வோல்ட் பேட்டரியை எடுத்துவிட்டேன், கசிந்து அரித்துவிடும். அதனால் தேதி 1904 ஜனவரி 1 என்று காட்டும். பழுது என்று பயப்படாதே. இந்த யந்திரம் அன்றைய நள்ளிரவிலிருந்து ஒவ்வொரு நொடியாக 32 பிட்டில் எண்ணுகிறது, 2040 பிப்ரவரி வரைக்கும் இடம் இருக்கிறது. கடிகாரம் ஓட வேண்டுமென்றால் மூன்று டிரிபிள் ஏ செல் வைக்கும் ஹோல்டரைக் கம்பி நீட்டி வெளியே வை. உள்ளே வேண்டாம்.

பின்னாலுள்ள 25 பின் சாக்கெட்டில் சொருகுகிற சின்ன போர்டும் பெட்டியில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்டி கார்டு, அதில் மேக்கை ஓட்டும் சாஃப்ட்வேர் சிஸ்டம் 6.0.8 போட்டிருக்கிறேன். பிளஸ் மட்டும் அந்த சாக்கெட்டில் கரண்ட் கொடுக்காது. யூஎஸ்பி சார்ஜரை போர்டில் செருகி, அப்புறம் மேக்கைப் போடு. வரிசை மாறினால் பிளாப்பிப் படத்தில் கேள்விக்குறி மின்னிக்கொண்டே இருக்கும்.

1984-ல் வந்த முதல் மேக்குக்கு 128 கேபிதான், ஒரே டிரைவ். ஒரு பிளாப்பியைக் காப்பி எடுக்க மாற்றி மாற்றிப் போட்டே கை ஓய்ந்துவிடும். மவுஸைத் தொட வைக்க வேண்டுமென்று கீபோர்டில் அம்புக்குறியே வைக்கவில்லை. 1986-ல் வந்த பிளஸ்தான் என் கணக்கில் உருப்படியான முதல் மேக். 1 எம்பி, 800 கேபி டிரைவ், அம்புக்குறி, விலை 2,599 டாலர். இதிலும் மின்விசிறி கிடையாது. சத்தம் கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பிடித்த பிடிவாதம், அவர் கம்பெனியை விட்டுப் போன பிறகும் பவர் போர்டுதான் அனுபவிக்கிறது. சூட்டில் சால்டர் விரிசல் விட்டுவிடும். படம் குறுகிக் கடைசியில் நடுவே ஒற்றைச் செங்குத்துக் கோடாக நின்றால் உடனே அணை. காரணம் அந்த போர்டின் ஜே1 கனெக்டர்தான். நான் திரும்பச் சால்டர் வைத்தாயிற்று, இருந்தாலும் பார்சலில் குலுங்கிப் போகிறது. சி1 கெபாசிட்டரையும் மாற்றிவிட்டேன். அது 3.9 மைக்ரோஃபாரட், துருவம் இல்லாதது. அந்த இடத்தில் சாதாரண எலக்ட்ரோலிடிக் போட்டால் சூடேறி வெடிக்கும்.

திறக்க வேண்டி வந்தால் நட்சத்திர வடிவத் தலையுள்ள டி15 டார்க்ஸ் ஸ்குரூ ஐந்து. கைப்பிடிக்குள் ஆழத்தில் இரண்டு, சாக்கெட்டுகளுக்கு மேலே இரண்டு, பேட்டரி அறைக்குள் ஒன்று. ஐந்தாவதைத்தான் எல்லோரும் மறந்துவிட்டு நெம்பி உடைக்கிறார்கள். பிக்சர் டியூபில் 10,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் தங்கியிருக்கலாம். ஸ்குரூடிரைவரைக் கிளிப் வயரால் சேஸிஸ் எர்த்தோடு இணைத்து, அதன் முனையை டியூபின் ரப்பர் மூடிக்கு அடியில் விட்டுக் கரண்டை இறக்கிவிட வேண்டும். இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள். டியூபின் கழுத்து முட்டை ஓடு மாதிரி, முழங்கை பட்டாலே போய்விடும். அந்த நேரத்தில் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். யாரும் இல்லையென்றால் எனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டுச் செய். நான் பதினொன்று வரை தூங்குவதில்லை.

உன் பிளாப்பிகளையும் வைத்திருக்கிறேன். கடையில் கிடைக்கும் யூஎஸ்பி டிரைவ் இதைப் படிக்காது. இதில் வட்ட வட்டமான டிராக்குகளில், வெளியில் உள்ளவற்றில் 12 செக்டார் (துண்டு), உள்ளே போகப் போக 8, அதற்கேற்ப சுற்றும் வேகமும் மாறும். பழைய பிளாப்பியைப் படிக்கும் கிரீஸ்வீசல் போர்டு வைத்து எல்லாவற்றையும் இமேஜ், அதாவது முழுப் பிளாப்பியின் நகல், எடுத்துப் பென்டிரைவில் போட்டிருக்கிறேன். இமேஜாகவே வைத்திரு. உள்ளிருக்கும் ஃபைலை விண்டோஸுக்கு இழுத்தால், மேக் ஃபைலின் இரண்டாவது பாதியான ரிசோர்ஸ் ஃபோர்க் உதிர்ந்துவிடும், புரோகிராம் வெறும் கூடாகிவிடும். மேக்கில் எழுதும் புரோகிராமான மேக்ரைட்டில் நீ எழுதியதெல்லாம் லிப்ரே ஆபீஸிலேயே திறக்கிறது. படித்துப் பார்த்தேன். அந்த வயதில் எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாய். இப்போது இரண்டு வரி எழுத நேரமில்லை உனக்கு.

நீ வரைந்த ‘பாட்டி கோலம்’ படம் மட்டும் அதில் இருக்காது. அதை அழித்தது நான். 800 கேபி பிளாப்பி வாங்க வேண்டிய இடத்தில், விலை அதிகம், நல்லதாக இருக்கும் என்று 1.44 எம்பி வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். 1.44 பிளாப்பியின் மூலையில் இரண்டாவதாக ஒரு ஓட்டை இருக்கும். பிளஸ் அதைப் பார்க்காது, 800 ஆகவே ஃபார்மேட் செய்துவிடும். ஆபீசிலிருந்த புது டிரைவ் ஓட்டையைப் பார்த்தது, 1.44 என்று எடுத்துக்கொண்டது, ஃபார்மேட் சரியில்லை, திரும்பச் செய்யட்டுமா என்று கேட்டது. சரி என்று அழுத்திவிட்டேன். படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஃபேட்பிட்ஸில் புள்ளி புள்ளியாக நீ வைத்த கோலம். ஓட்டை மேல் ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தால் படித்திருக்கும். வீட்டுக்கு வந்து, டிவி மேல் வைத்ததால் காந்தம் பட்டுவிட்டது என்று உன்னைத் திட்டினேன். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. போன வாரம்கூட கிரீஸ்வீசலில் ஒவ்வொரு டிராக்காகப் பார்த்தேன். எல்லா டிராக்கிலும் மேலே எழுதியிருக்கிறது, எதுவும் மிஞ்சவில்லை. உன் மேல் தப்பே இல்லை.

மற்ற 1.44 பிளாப்பிகளின் ஓட்டையில் டேப் ஒட்டிவிட்டேன், பிய்க்காதே. அம்மா மாவடு ஜாடியை இதே பெட்டியில் வைக்கச் சொன்னாள், முடியாது என்றுவிட்டேன், தனியாக வரும். நீளக் கம்பி டி15 ஸ்குரூடிரைவர் மவுஸ் பைக்குள் இருக்கிறது. திறப்பதற்கு முன்னால் கூப்பிடு. திறக்காவிட்டாலும், சுவிட்சைப் போட்டதும் படம் நேராக நிற்கிறதா என்று சொல்.

அப்பா