சைக்கிள் கடை அண்ணைக்கு நன்றி

1990 ஆனியில் சண்டை தொடங்கி யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அரிக்கன் லாம்பு கட்டுபடியாகாது.

அண்ணை, ஒருவரும் கேட்காமலே ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு ஜாம் போத்தல் விளக்குச் செய்து தந்தீங்கள். பழைய ரியூபில் வெட்டியெடுத்த வால்வுக்குள் நூல்திரி. அதைக் கம்பியில் கட்டி போத்தல் வாயில் கொழுவி, அடியில் பஞ்சு. பஞ்சு நனைய இரண்டு தேக்கரண்டி எண்ணெய் காணும். எண்ணெய் தளம்பாதபடியால் கால் தட்டுப்பட்டாலும் பாயில் ஊத்தாது. கண்ணாடி காத்தை மறைக்கும். திரியை அரிசியளவுக்கு மேல் இழுத்தால் புகைதான், விடிய மூக்கெல்லாம் கரி! சுவாலை ஒரு பக்கம் சாய்ந்தால் போத்தல் வெடிக்கும். அதனால்தான் ஒவ்வொன்றையும் கொளுத்தி, வால்வு நடுவில் நிற்குதோ என்று பார்த்துத் தந்தீங்கள்.

பற்றரிக்கும் தடை. பின்னேரத்தில் சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைச் சுத்தி, டைனமோவில் ஊருக்கே ரேடியோச் செய்தி கேட்க வைத்ததும் நீங்கள்தான். கை ஓய்ந்தால் செய்தி பாதியில் அமுங்கிவிடும்.

1995 இடப்பெயர்வோடு எந்தப் பக்கம் போனீங்களோ. இது கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கோ அண்ணை. அந்த வெளிச்சத்தில் ஓ.எல் (சாதாரண தரச் சோதனை) படித்த எல்லாரும் நன்றி சொல்லச் சொன்னவை.