கரி டப்பாவைக் கழற்ற வேண்டாம்

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் பரவாயில்லை. மற்றதெல்லாம் அப்புறம்.

காரில் பெட்ரோல் வாடை வருகிறது, செக் என்ஜின் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது, மாப்பிள்ளை அந்தக் கரி டப்பாவையே கழற்றிப் போட்டுவிடலாம் என்கிறார் என்று போகிற போக்கில் சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சை மாற்றிவிட்டாய். அதற்குப் பிறகு போனையும் எடுப்பதில்லை. வேலை இருக்கும், சரி. ஆனால் எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

மாப்பிள்ளை கெட்டிக்காரர்தான். நான் நேராக அவரிடம் சொன்னால் நன்றாக இருக்காது. உனக்கு எழுதினால் புரியும். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இடைவெளி பார்த்து, நீயே மாட்டினவள். ஷெட்டில் இருந்த பையன்கள் வேலையை விட்டுவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதை இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அந்த டப்பா வேண்டாத சாமான் இல்லை, கண்ணு. வண்டி சும்மா நின்றாலும் டேங்கில் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வெயிலில் நின்றால் கேட்கவே வேண்டாம். அந்த ஆவியை இந்த டப்பாவில், அதாவது கேனிஸ்டரில், உள்ள கரி பிடித்துவைத்துக்கொள்ளும். என்ஜின் ஓடும்போது டப்பாவுக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கும் பர்ஜ் வால்வு திறக்கும், என்ஜின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். 1970இல் கலிபோர்னியாவிலும் மறு ஆண்டு அமெரிக்கா முழுவதும் இந்த ஆவித் தடுப்பைக் கட்டாயமாக்கியது காற்று கெட்டுப்போனதால்தான். இதைக் கழற்றினால் மைலேஜ் கூடும், பிக்கப் கூடும் என்பதெல்லாம் வெறும் பேச்சு. அது எரிப்பதே வீணாகப் போகிற பெட்ரோலைத்தானே?

கழற்றிவிட்டு ஹோஸைத் திறந்து விட்டால் ஆவி முழுக்க வெளியே வரும். அதில் பென்சீன் இருக்கிறது, புற்றுநோய் தரக்கூடியது. காற்றைவிடக் கனமானது என்பதால் மூடிய கராஜில் தரையோடு படிந்து நிற்கும், ஒரு பொறி போதும். குட்டி பின் சீட்டில்தானே தூங்கிக்கொண்டு வருகிறான்?

ஹோஸை அடைத்துவிட்டால் அது வேறு வம்பு. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக வழி வேண்டும். 2011இலும் 2014இலும் மஸ்டா நிறுவனம் மஸ்டா6 கார்களைத் திரும்ப அழைத்தது எதற்கு என்று நினைக்கிறாய்? சிலந்தி! கேனிஸ்டரின் காற்றுக் குழாயில் அது வலை பின்னி அடைத்துவிட்டால், டேங்குக்குள் காற்றழுத்தம் குறைந்து டேங்கே விரிசல் விடலாம், பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்கலாம் என்றுதான். சிலந்தி வலைக்கே இந்தப் பாடு என்றால், நாமே தக்கை வைத்து அடைத்தால்?

முதலில் பெட்ரோல் மூடியைப் பார். கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை விரலால் சுற்றிலும் நெருடிப் பார். வெடிப்போ மண்ணோ நசுங்கின இடமோ இருந்தால், வாடைக்கும் விளக்குக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். மூடியை மாற்றினாலும் விளக்கு உடனே அணையாது, சில ஓட்டம் போக வேண்டும். அதற்குள் பொறுமை இழந்துவிடாதே.

மூடி நன்றாக இருந்தால் ஸ்கேனர் போட்டு, அது காட்டும் கோளாறு எண்ணைப் பார். பி0455 என்றால் பெரிய கசிவு. பி0456 என்றால் அரை மில்லிமீட்டர் அளவு ஓட்டை, கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, புகை விட்டுத்தான் பார்க்க வேண்டும். பி0441 வந்தால் பர்ஜ் வால்வைச் சந்தேகப்படு. அதைக் கழற்றி, மின்சாரம் கொடுக்காமல் வாய் வைத்து ஊது. பெரும்பாலான வண்டிகளில் காற்று போகக் கூடாது. போனால் வால்வு திறந்தே மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். பெட்ரோல் போட்ட உடனே வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும் இதனால்தான். வால்வை மட்டும் மாற்றினால் போதும், கேனிஸ்டரைத் தொடவே வேண்டாம்.

பம்பில் டிக் என்று நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம் என்று ஊற்றச் சொல்லாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? அந்த உபரி பெட்ரோல் கேனிஸ்டருக்குள் போய்க் கரியை நனைத்துவிடும். நனைந்த கரி ஆவியைப் பிடிக்காது. கேட்டால்தானே.

விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும் என்று விடுவதும் சரியில்லை. நாளைக்கு என்ஜினில் வேறு கோளாறு வந்தாலும் அதே விளக்குதான் எரியும். உனக்கு எப்படித் தெரியும்? கழற்ற மட்டும் வேண்டாம், கயல். மறுபடியும் சொல்கிறேன், வேண்டாம்.

செலவைப் பார்த்துத்தான் இந்த யோசனை என்றால் அதை என்னிடம் சொல்வதில் என்ன? நீ முன்பெல்லாம் ஒரு ஹோஸ் மாற்றுவதற்குக்கூட யோசித்ததில்லை. நான் காரணம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஸ்கேனரில் வந்த எண்ணை மட்டும் அனுப்பு. சாமானை நான் வாங்கி அனுப்புகிறேன், மாப்பிள்ளையே மாட்டட்டும். அப்பா வாங்கியது என்று சொல்ல வேண்டாம். அதுவரை வண்டியை வெளியிலேயே நிறுத்து, குட்டியை அதில் ஏற்றாதே.

அன்புடன்,
அப்பா