படகு கட்டும் ஓடாவி அப்பாவுக்கு, தேம்ஸ் ஆற்றங்கரையிலிருந்து

கிங்ஸ்டன், லண்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி? இங்கே குளிர் விட்டுவிட்டது, இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. உங்கள் பேத்தி சனிக்கிழமைகளில் தேம்ஸ் ஆற்றில் கயாக் என்ற ஒடுங்கிய சின்னப் படகு ஓட்டப் பழகுகிறாள். மிதவைச் சட்டை போடாமல் ஒருவரையும் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள், அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பக்கத்து ஊர் டெடிங்டனில் ரோயல் கனூ கிளப் இருக்கிறது. கனூ என்றால் துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய படகு. உலகத்திலேயே மிகப் பழைய கனூ கழகம் அது. அதன் கதை தெரிந்ததும் உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது, ஏனென்றால் எல்லாம் ஒரு சின்னப் படகிலிருந்து தொடங்கியது.

ஜோன் மக்ரெகர் என்று ஒரு வழக்கறிஞர், ஸ்கொட்லாந்து வம்சம். 1825இல் இந்தியாவுக்குப் புறப்பட்ட 'கென்ட்' கப்பல் பிஸ்கே விரிகுடாவில் தீப்பிடித்தபோது, அதில் தாய் தகப்பனோடு இருந்த ஐந்து வாரக் குழந்தை அவர். அப்படித் தப்பியவர்தான் 1865இல் லண்டன் லாம்பெத்தில் சேர்ல் என்ற படகுப் பட்டறையில் தனக்கொரு கனூ கட்டுவித்தார். பெயர் 'ரொப் ரோய்'. அளவைக் கேளுங்கள்: நீளம் 15 அடி, அகலம் 28 அங்குலம், ஆழம் 9 அங்குலம். ஓக் பலகையை ஒன்றின்மேல் ஒன்று விளிம்பேற்றி அடித்து, மேலே தேவதாருத் தட்டு. மொத்த நிறை 80 இறாத்தல்தான்! எவ்வளவு மெல்லிதாகப் பலகை சீவியிருக்க வேண்டும், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதை ரயிலிலும் மாட்டு வண்டியிலும் ஏற்றி, ரைன், டான்யூப் என்று ஐரோப்பிய ஆறுகளில் தனியாகவே ஓடித் திரிந்தார். அந்தப் பயணத்தை எழுதினார். படித்தவர்களுக்கு ஆசை பிடித்துவிட்டது. 1866 ஜூலையில் ரிச்மண்ட் விடுதி ஒன்றில் கூடிக் கழகம் அமைத்தார்கள். அடுத்த வருடம் வேல்ஸ் இளவரசர் தலைவரானார், 1873இல் மகாராணி விக்டோரியா 'ரோயல்' பட்டம் கொடுத்தார். அதற்கு முன்பே, 1871இல், நியூயோர்க்கிலும் இதைப் பார்த்து ஒரு கழகம் வந்துவிட்டது.

ஆனால் அப்பா, மேல்தட்டு மூடிய அந்த ஒடுங்கிய உடம்பும், இரண்டு முனையிலும் அலகுள்ள துடுப்பும் லண்டனில் பிறந்தவை அல்ல. வடக்கே பனிக்கடலில் இனுவிட் மக்கள் சீல் தோலைத் தைத்து, வேட்டைக்குப் போகக் கட்டிய கயாக்கில் அவை எவ்வளவோ காலமாக இருந்தன. கழகத்தின் கதையை 1866இல் அல்ல, அந்த மனிதர்களின் கைவேலையில் தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பேத்திக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அப்புறம், இந்த ஆற்றில் நடக்கும் பெரிய படகோட்டப் போட்டி. 1948 ஈஸ்டரின்போது டிவைசஸ் என்ற ஊர்ச் சாரணர்கள், அங்கிருந்து 100 மணி நேரத்துக்குள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டருக்குப் படகில் வந்து காட்டுகிறோம் என்று கிளம்பி, 90 மணிக்குள் வந்து சேர்ந்தார்கள். இப்போது அது வருடாவருடம் நடக்கிறது. 125 மைல், முதலில் கால்வாய், ரெடிங் என்ற ஊரில் இருந்து தேம்ஸ். வழியில் 77 இடங்களில் மதகு முதலியவை மறிக்கும். ஒவ்வொன்றிலும் படகைத் தூக்கித் தோளில் வைத்து ஓடி, மறுபக்கம் இறக்கி, திரும்ப ஏறி உட்கார வேண்டும். பெரியவர்கள் இரவிரவாக நிற்காமலே வருவார்கள். டெடிங்டன் மதகோடு கடலின் வற்றும் பெருக்கும் தொடங்கிவிடும், ஆகவே வற்று நேரத்துக்குக் கணக்காக அங்கே வந்து சேர வேண்டும். தவறினால் எதிர்நீர். இது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1979இல் இரண்டு பேர் 15 மணி 34 நிமிடத்தில் முடித்தார்கள்!

சரி, ஒரு வேலை கேட்கிறேன். பேத்திக்கு உங்கள் கையால் ஒரு துடுப்பு வேண்டுமாம். ரொப் ரோய்த் துடுப்பு 7 அடி, இவளுக்கு 6 அடி போதும். நடுவில் பித்தளைப் பூண் போட்டு இரண்டாகக் கழற்றும்படி செய்தால், ஆவணியில் தம்பி வரும்போது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவான். பாரம் குறைந்த பலகையாகப் பாருங்கள். பூணுக்கும் பலகைக்கும் காசு இந்தக் கிழமையே அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்