ஏழாம் வகுப்பு ரீச்சருக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள மகளுக்கு,

உன் வகுப்பில் நான்கு வீட்டார் பாலியல் பாடத்திலிருந்து பிள்ளைக்கு விலக்குக் கேட்டுப் படிவம் அனுப்பியிருக்கிறார்கள், அதில் ஒரு வீடு நம் ஆட்கள் என்று சொன்னாய். குரலில் அப்படி ஒரு சூடு. நான் பேச வாயெடுத்ததும் போனை வைத்துவிட்டாய். ஆகவே எழுதுகிறேன், இதை வைத்துவிட முடியாது.

நீ பள்ளியில் படித்தபோது, 2018 செப்டெம்பர் 21 அன்று, இந்தப் பாடத்துக்காக மாணவர்கள் நீங்கள் வகுப்பை விட்டு வெளியே வந்து போராடியது சரிதான். அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். டக் ஃபோர்ட் ஒன்ராறியோ மாகாண முதல்வராகப் பதவியேற்று இரண்டு கிழமைக்குள் 2015ஆம் ஆண்டுப் பாலியல் பாடத்திட்டத்தைத் தூக்கி எறிந்து 1998இல் எழுதியதைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். 1998! அப்போது ஃபேஸ்புக் இல்லை. ஒருபால் திருமணத்தைக் கனடாச் சட்டம் ஏற்க இன்னும் ஏழு வருடம் இருந்தது. ஒன்ராறியோவில் நூறு பள்ளிக்கூடங்கள் அளவில், 40,000 மாணவர்கள் வந்தார்கள் என்பது ஒருங்கிணைத்தவர்கள் சொன்ன கணக்கு. பூர்வகுடிகளைப் பற்றிய பாடத்தைத் திருத்தும் வேலையை அரசு நிறுத்தியதையும் சேர்த்தே கேட்டீர்கள். அது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. "படிக்கிற பிள்ளைக்கு ஊர்வலம் எதற்கு" என்றார் உன் அப்பா. பேசாமல் சாப்பிடுங்கள் என்றேன்.

பாடத்திட்டத்தை மாற்றியதற்காக அரசுக்கு எதிராகப் போட்ட வழக்கு 2019 பெப்ரவரியில் தள்ளுபடியானது. ஆனால் ஆகஸ்டில் வந்த புதிய பாடத்திட்டம் பெரும்பாலும் 2015இன் பழைய கறியைப் புதுச் சட்டியில் ஊற்றியதுதான். பாலின அடையாளம் பற்றிய பாடத்தை எட்டாம் வகுப்புக்குத் தள்ளினார்கள். கோபப்பட்ட பெற்றோரைச் சமாதானப்படுத்த இந்த விலக்குப் படிவத்தைக் கொடுத்தார்கள். நீ இப்போது சண்டை பிடிக்கப் பார்ப்பது அந்தப் படிவத்தோடு. அதில் கையெழுத்து வைத்த அம்மாவோடு அல்ல.

அவளை எனக்குத் தெரியாது, ஆனால் அவள் பயம் தெரியும். 2015இல் அந்தப் பாடத்திட்டத்தை எதிர்த்து ரொறன்ரோவின் தோர்ன்கிளிஃப் பார்க் பகுதியில் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தினார்களே, அந்த நாட்களில் நம் ஸ்காபரோக் கடைகளிலும் ஒரே கதைதான். ஆறு வயதுப் பிள்ளைக்கு உடலுறவு படிப்பிக்கப் போகிறார்களாம். நான் பாடத்திட்டத்தையே எடுத்து வாசித்தேன். முதலாம் வகுப்பில் இருந்தது, பிறப்புறுப்பு உட்பட உடல் உறுப்புகளின் சரியான பெயர்கள். அவ்வளவுதான். பகல்நேரக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறவளுக்கு அதன் அருமை தெரியும். "அங்கே நோகிறது" என்று ஒரு குழந்தை அழுதால் வயிறா, கழுவும் இடமா, யாராவது தொட்டார்களா என்று நாங்கள் தடுமாறுவோம். பெயர் தெரிந்த குழந்தை நேரே சொல்லிவிடும்.

உன் ஏழாம் வகுப்புப் பகுதியை எடுத்துப் பார். கருத்தடை, பால்வினை நோய்கள், சம்மதம் எல்லாம் இருக்கின்றன. அவற்றோடு, அவசரப்படாமல் பாலுறவைத் தள்ளிப்போடுவது பற்றியும் இருக்கிறது. நம் அம்மாக்கள் வீட்டில் வாய் ஓயாமல் சொல்ல நினைத்து, ஒரு நாளும் சொல்லாமல் விடுவது அதைத்தானே! அந்த வரியை அவளுக்கு வாசித்துக் காட்டு. ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பாதே, அதைக் கண்டாலே புகார் வந்துவிட்டது என்று பயப்படுவாள். வேலை முடிந்து வரும் நேரத்தில் போன் எடுத்துத் தமிழில் கதை. "என் உரிமை, பிள்ளையின் உரிமை" என்று தொடங்காதே. நோயிலும் ஏமாற்றத்திலும் மாட்டாமல் இருக்கவே இந்தப் பாடம் என்று தொடங்கு. அவள் மகள் அந்த நேரம் நூலகத்தில் இருந்தாலும், மதியச் சாப்பாட்டு வேளையில் தோழிகள் எல்லாவற்றையும் அரையும் குறையுமாக, பாதி பிழையாகச் சொல்லிவிடுவார்கள் என்பதையும் சொல்.

கேட்டும் வேண்டாம் என்றால் விட்டுவிடு. அது அவளுக்கு இருக்கிற வழி. அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே மட்டும் எதையும் காட்டிக்கொள்ளாதே.

உன்னோடு பேசக் கூச்சப்பட்டால் அவளுக்கு என் எண்ணைக் கொடு. பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா