சோம்பாவிலிருந்து மாப்ளைக்கு

சோம்பா, மலாவி
8.12.2024

அன்புள்ள மாப்ளே,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவை மூன்று தவணையாகக் கேட்டு முடித்தேன். முதல் தவணையில் கரண்டு போனது, இரண்டாவதில் நெட் போனது. மூன்றாவதில்தான் நீ என்னைத் திட்டும் இடத்துக்கே வந்தேன். "ரிட்டயர் ஆனவன் பேரன் பேத்தியப் பாத்துக்கிட்டு வீட்டுல கெடக்காம, அங்க போயி என்னத்தடா கிழிக்கிற?" பதிலைப் போனில் பேசினால் பாதியில் அறுந்துவிடும் என்றுதான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். இங்கிருந்து ஊருக்குக் கிளம்பும் மதுரை டாக்டர் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கவர் கசங்கியிருந்தால் அவரைத் திட்டாதே.

ஊர் பெயரே சோம்பா. என் பிறவிக் குணத்துக்குத் தோதான ஊர் என்று உன் தங்கச்சி வழியனுப்பும்போதே சொன்னாள். 1975 வரை இதுதான் நாட்டின் தலைநகரம். அதன்பிறகு தலைநகரத்தை லிலோங்வேக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஊருக்குப் பின்னால் சுவர் மாதிரி மலை. நம்ம கோவில்பட்டி வெயிலில் வெந்த உடம்புக்கு ஆப்பிரிக்கா என்ன பெரிய சூடு என்று ஸ்வெட்டர்கூட இல்லாமல் வந்தேன். ஜூன் மாதம் "சிப்பெரோனி" பிடித்துக்கொண்டது. மொசாம்பிக் பக்கம் அந்தப் பெயரில் ஒரு மலை உண்டு, அங்கிருந்து வரும் குளிர்ச் சாரல். குற்றாலச் சாரலுக்காவது ஒரு அருவியும் எண்ணெய்க் குளியலும் உண்டு. இதில் வெறும் நடுக்கம்தான். சந்தையில் மூட்டை மூட்டையாகப் பழைய துணி விற்கிறார்கள். எந்த நாட்டுக்காரனோ போட்டுக் கழித்த கம்பளிக் கோட்டு ஒன்றை வாங்கித்தான் ஜூலையைக் கடத்தினேன்.

சாப்பாடு பற்றி நீ கவலைப்பட வேண்டாம். மக்காச்சோள மாவில் "ந்ஸீமா" கிண்டுகிறார்கள். கிண்டி, கரண்டியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு, உருண்டை உருண்டையாகத் தட்டில் வைப்பார்கள். அதாவது நம்ம களி. சாப்பிடும் முன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கையில் ஊற்றுவார்கள். என்னோடு வந்த ஐரோப்பியத் தன்னார்வலர்கள் விரலை எப்படி மடக்குவது என்று தவித்துக்கொண்டிருந்தபோது நான் இரண்டாவது உருண்டையில் இருந்தேன். பரிமாறிய அம்மாவின் முகத்தில் அன்று பார்த்த சந்தோஷத்தை என் மாமியார் முகத்தில்கூடப் பார்த்ததில்லை. தொட்டுக்கொள்ள பரங்கி இலையை நிலக்கடலைப் பொடி போட்டுக் கிண்டித் தருவார்கள். உன் வீட்டு வேலியில் வீணாகப் போகிறதே, என் தங்கச்சியிடம் சொல்லிச் செய்து பார். பக்கத்து வீட்டில் முருங்கை மரம்கூட நிற்கிறது. கீரையைத்தான் பறிக்கிறார்கள், காயைச் சீந்துவாரில்லை. அத்தனையும் எனக்கே.

என்னைப் பார்த்ததும் பிள்ளைகள் "ம்வென்யே" என்று கத்துவார்கள். இந்தியன் என்று அர்த்தம். இங்கே இந்தியன் என்றால் குஜராத்திக் கடைக்காரர். 1970களில் அப்போதைய ஜனாதிபதி பண்டாவின் ஆட்சி அவர்களைக் கிராமங்களிலிருந்து கிளப்பி, சோம்பா, பிளாண்டயர், லிலோங்வே மாதிரியான நகரங்களில் மட்டும் கடை வைக்கச் சொல்லியிருக்கிறது. அதனால் நானும் கடை வைத்திருப்பவன் என்றே முதலில் நினைத்தார்கள். வாத்தியார் என்றதும் ஒரு கிழவி நம்பவே இல்லை. "அப்போ கடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு வயதுப் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். முதல் மாதம் நம்ம ஊர் பாணியில் பலகையை நிரப்பித் தள்ளினேன். "புரியுதா?" என்றால் மொத்த வகுப்பும் ஒரே குரலில் ஆமாம் போடும். அடடா, என்ன பிள்ளைகள் என்று பூரித்துப்போனேன். பரீட்சைத் தாளைப் பார்த்ததும்தான் தெரிந்தது, ஒரு எழுத்தும் இறங்கவில்லை. பெரியவர் மெனக்கெட்டுச் சொல்லும்போது புரியவில்லை என்பது மரியாதைக் குறைவாம். அதோடு என் இங்கிலீஷ் அவர்களுக்கு விளங்கவில்லை, அவர்களுடையது எனக்கு. சிச்சேவா மொழியில் 'ல'வும் 'ர'வும் ஏறக்குறைய ஒன்றேதான். ஒளிக்கதிர் பாடம் நடத்தினால் 'லைட்' எது 'ரைட்' எது என்று எனக்குக் குழம்பிவிடும். வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்று சொல்லியே வளர்ந்த நான் யாரைக் குற்றம் சொல்ல?

என்னோடு இயற்பியல் எடுக்கும் உள்ளூர் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். இருபத்தாறு வயது. என்னைவிட நன்றாக நடத்துகிறார், மாப்ளே. இதை எழுதக் கொஞ்சம் கை கூசுகிறது. அவர் பாதி சிச்சேவா, பாதி இங்கிலீஷில் பேசினால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், எதிர்க்கேள்வி கேட்கிறார்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெயிலில் பிடித்து லென்ஸ் பாடத்தை முடித்துவிட்டார். இங்கே ஆய்வுக்கூடம் என்று பெயர்ப்பலகை மாட்டிய அறையில், எந்த நாட்டு அமைப்போ அனுப்பிய கணினிகள் பெட்டி பிரிக்காமல் இருக்கின்றன. இங்கே சுவரில் இருப்பது சதுரமான மூன்று முள் சாக்கெட். வந்திருப்பது இரண்டு முள் பிளக். அந்தப் பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் நானும் அப்படி அனுப்பப்பட்ட சாமான்தானோ என்று தோன்றும்.

ஆகஸ்டில் விடுமுறை வந்தபோது ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அந்த இளைஞரிடமே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்கள் இருப்பதால்தான் நான் மலிரோவுக்குப் போக முடிகிறது" என்றார். மலிரோ என்றால் சாவு வீடு. இங்கே ஒரு சாவு என்றால் சொந்தம், பக்கத்து வீடு, உடன் வேலை பார்ப்பவர் எல்லாரும் போயாக வேண்டும், அடக்கம் முடியும்வரை இருந்தாக வேண்டும். அந்த நாட்களில் வகுப்பு சும்மா கிடக்கும். ஆக, மாப்ளே, கடல் கடந்து வந்த உன் சிநேகிதனின் சேவை என்னவென்றால் சப்ஸ்டிடியூட் பீரியடு. முப்பத்திரண்டு வருஷம் தலைமையாசிரியர் மாற்றுப்பாடம் போட்டாலே முகம் சுளித்தவன் நான்.

இப்போது மழை தொடங்கிவிட்டது. நம்ம ஊரில் மழை என்றால் சந்தோஷம். இங்கே இது பசிக்காலமும்கூட. அறுவடை ஏப்ரல் வாக்கில்தான். போன அறுவடையில் வந்த மக்காச்சோளம் பல வீடுகளில் இப்போதே அடி தட்டிவிட்டது. இந்த வருஷம் இன்னும் மோசம். எல் நினோ வறட்சியில் பயிர் கருகி, மார்ச்சில் 28 மாவட்டங்களில் 23-ஐப் பேரிடர் பகுதி என்று ஜனாதிபதி அறிவித்தார். அதற்கு முந்தின வருஷம் மார்ச்சில் ஃப்ரெடி புயல். மலைச்சரிவில் மண்ணும் பாறையும் இறங்கி வீடுகளை மூடியதை இந்த ஊர்க்காரர்கள் இன்றும் தணிந்த குரலில்தான் சொல்கிறார்கள். போன டிசம்பரில் நம்ம பக்கம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதைச் சொன்னேன். அவர்கள் யாரும் வாய் பிளக்கவில்லை. "உங்கள் ஜனங்கள் எத்தனை பேர் போனார்கள்?" என்றுதான் கேட்டார்கள்.

பணத்தின் கதையும் அப்படியே. 2023 நவம்பரில் ஒரே அடியாக டாலர் 1,180 குவாச்சாவிலிருந்து (இந்த ஊர்ப் பணம்) 1,700 ஆனது. சம்பளக்காரன் சம்பளம் இருந்த இடத்திலேயே இருக்க, எண்ணெயும் உப்பும் சோப்பும் ஏறிக்கொண்டன.

என் வகுப்பில் மவூட்டோ என்று ஒரு பையன். அந்தச் சொல்லுக்குத் 'தொல்லைகள்' என்று அர்த்தம். கேட்டதும் எனக்கு நம்ம ஊர் பிச்சையும் குப்பனும் போதும்பொண்ணும் ஞாபகம் வந்தார்கள். அடுத்த பெஞ்சிலேயே 'அன்பு' என்று அர்த்தம் வரும் சிக்கோண்டியும் 'பரிசு' என்கிற ம்ஃபாட்ஸோவும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். நவம்பர் கடைசியில் மவூட்டோ ஒரு வாரமாக வரவில்லை. தேடிப் போனேன். யாரோ ஒருத்தர் நிலத்தில் அம்மாவோடு மண்வெட்டி பிடித்துப் பார் போட்டுக்கொண்டிருந்தான். இதற்கு 'கன்யு' என்று பெயர், அன்றாடக் கூலி. கூலியைப் பல இடங்களில் மக்காச்சோளமாகவே அளந்துவிடுகிறார்கள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா வேலையை நிறுத்திவிட்டு, முழங்கால் மடித்து, எப்படி இருக்கிறீர்கள், வீட்டில் எப்படி இருக்கிறார்கள், இந்தியாவில் எப்படி இருக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டாள். விசாரிப்பு முடியாமல் இங்கே எந்தப் பேச்சும் தொடங்காது. அதற்குள் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிட்டது. பையன் தலையைத் தூக்கவே இல்லை.

கொஞ்சம் பணம் கொடுத்தேன். இளைஞர் வாத்தியார் வேண்டாம் என்று முன்பே தடுத்திருந்தார், நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் வாசலில் "ஓடி!" என்று ஒரு குரல். கதவைத் தட்டுவதற்குப் பதில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வெளியே நான்கு அம்மாக்கள். நான்கு பேருக்கும் கொடுத்தேன். அதற்கடுத்து வந்தவர்களிடம் கை விரித்தேன். அவர்கள் கோபப்படவில்லை, "ஸிக்கோமோ" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த நன்றியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. வாத்தியார் "நான் அப்போதே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மவூட்டோ இரண்டு நாளாக வருகிறான். மதியம் மாம்பழம்தான் சாப்பாடு. மரம் மரமாகக் காய்த்துத் தொங்குகிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அதுதான். மாம்பழத்தைப் பசிக்குத் தின்பதைப் பார்த்த பிறகு என்னால் ருசிக்குத் தின்ன முடியவில்லை. காமராசரை இங்கே யாருக்கும் தெரியாது. நான் ஓரிருவரிடம் சொன்னேன், சில பள்ளிகளில் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்றார்கள், எங்கள் பள்ளியில் இல்லை.

உன் தங்கச்சியிடம் சொல்லாதே என்று ஒரு செய்தி. ஏப்ரலில் மலேரியா வந்தது. மூன்று நாளில் 24 மாத்திரை விழுங்க வேண்டும், வயிற்றில் ஏதாவது இருக்கும்போது விழுங்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா முதுகில் குழந்தையைத் துணியால் கட்டிக்கொண்டு வேளாவேளைக்கு மக்காச்சோளக் கஞ்சி கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழந்தைக்கு மலேரியாத் தடுப்பூசி போட்டாயிற்று என்று அட்டையைக் காட்டினாள். 2019-இல் அந்த ஊசியை உலகிலேயே முதலில் வழக்கமான தடுப்பூசியோடு சேர்த்துப் போடத் தொடங்கியது இந்த நாடுதான். உதவி செய்ய வந்தவன் படுத்துக்கிடந்து கஞ்சி குடித்த கதை இது. உனக்குப் போதுமான பதில் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உன் மகன் கல்யாணத்துக்கு வர முடியாது. தை முழுக்க வகுப்பு இருக்கிறது. கோபித்துக்கொள், ஆனால் மொய் நோட்டில் என் பெயரை எழுதிவை. முழங்கால் ஆபரேஷனை இனியும் தள்ளிப்போடாதே. கண்மாய் பெருகியதா என்று நீ சொல்லவே இல்லையே?

பி.கு. சந்தை முக்கில் கிழவர்கள் மாமரத்தடியில் பாவோ ஆடுகிறார்கள். நான்கு வரிசை, 32 குழி, 64 காய். இங்கே இது ஆம்பளைகள் ஆட்டம். எங்க அம்மாவின் பல்லாங்குழியில் கை பழகியவன் என்ற தைரியத்தில் உட்கார்ந்து பத்து மாதமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பலகையில் இரண்டு வரிசை, 14 குழிதான் என்று மண்ணில் கீறிக் காட்டினேன். எல்லாரையும் தோற்கடிக்கும் கிழவர் ரொம்ப நேரம் அதைப் பார்த்துவிட்டு, "மீதிப் பலகையை யார் வீட்டில் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். பரண் மேல் அம்மாவின் பலகை இருக்கும். டாக்டர் ஜனவரியில் திரும்புகிறார், அவரிடம் கொடுத்துவிடு.

உன்,
மாப்ளே