கோடியக்கரைக்கு வருபவர்கள் கவனத்துக்கு

ஆசிரியருக்கு,

விடுமுறை நாட்களில் கோடியக்கரை வனவிலங்கு சரணாலயத்துக்கு வரும் பலர் நண்பகலில் வந்து, "ஒன்றுமே இல்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். பிழை இடத்தில் இல்லை, நேரத்தில்தான். வெளிமான்கள் வெயில் ஏறியதும் புல்வெளியை விட்டு நிழலுக்குள் போய்விடும். காலை 6 முதல் 8 மணி வரை, இல்லையேல் மாலை 4 மணிக்குமேல் போக வேண்டும். முறுக்கிய கொம்பும் கருமுதுகும் கொண்டது ஆண். பெண்ணுக்குப் பழுப்பு நிறம்.

பூநாரைகளை (ஃபிளமிங்கோ) பார்க்க ஏற்ற காலம் நவம்பர் முதல் ஜனவரி வரை. அவை முழங்காலளவு நீரில் நின்று இரை தேடுபவை. கனமழையில் சதுப்பில் நீர் உயர்ந்தால் இடம் மாறிவிடும். ஆகவே பெருமழைக்கு மறுநாளே வந்து ஏமாறாதீர்கள். கரையிலிருந்து வெகுதூரத்தில் நிற்பதால் பைனாகுலர் இல்லாமல் வெள்ளைக் கோடுதான் தெரியும். பத்து மணிக்குமேல் கானல் வேறு. சேற்றில் இறங்கி அருகே போக முயலாதீர்கள்: கால் புதையும், பறவையும் கலையும்.

குரங்குகளுக்குத் தின்பண்டம் போடுவது தயவுசெய்து வேண்டாம். அடுத்து வருபவரின் பையைத்தான் அவை பிடுங்குகின்றன. குடிநீரும் சாப்பாடும் வேதாரண்யத்திலேயே வாங்கிக்கொள்ளலாம்.

வழியில் அகஸ்தியம்பள்ளியில் 1930 உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்கிறது. பக்கத்திலேயே உப்பளங்கள்; கோடையில் வந்தால் உப்பு வாருவதையும் பார்க்கலாம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிவரை 2023 முதல் மீண்டும் ரயிலும் ஓடுகிறது.

– ஒரு வாசகர், வேதாரண்யம்